கடைமடைக்கு ஒளி பாய்ச்சியவர்
(கண் மருத்துவர் கோ. வெங்கடசாமியின் வாழ்வும் பணியும்)

– இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணினி அறிவியல்)

ஏரி நிறைந்திருக்கும், மதகும் திறந்திருக்கும், ஆயினும் கடைமடை வயல் வெடித்துக் கிடக்கும். ஏரிகள் மிகுந்த நம் காஞ்சி மாவட்டத்தில் பிறந்த எவருக்கும் இக்காட்சி புதிதன்று. அத்தகைய வேளையில் விவரம் அறிந்த உழவர் மதகை இன்னும் சற்றுத் தூக்கிவிடச் சொல்லமாட்டார். மண்வெட்டியைத் தோளில் சாத்திக்கொண்டு வாய்க்கால் கரையோடு நடப்பார். எந்த இடத்தில் நீர் ஓடாமல் தேங்கி நிற்கிறதோ, அதற்குச் சற்றுக் கீழேதான் அடைப்பு இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். ஓடும் நீரைப் பார்த்து அடைப்பைக் கண்டவர் எவருமில்லை. தேங்கிய நீரைப் பார்த்தே கண்டனர்.

எங்கள் பாடத்தில் மென்பொருள் பொறியியல் என்று ஒரு பகுதி உண்டு. இன்று மென்பொருள் செய்வோர் தம் பணியை இரண்டு வாரம், மூன்று வாரம் எனச் சிறு தவணைகளாகப் பகுத்துக்கொள்கின்றனர். அம்முறைக்கு அஜைல் என்றும், அத்தவணைக்கு ஸ்பிரிண்ட் என்றும் பெயர். செய்ய வேண்டியவை, நடப்பவை, சோதனையில் இருப்பவை, முடிந்தவை எனப் பலகையில் கட்டங்கள் வரைந்து, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சீட்டு வைத்து, அது எந்தக் கட்டத்தில் எத்தனை நாள் நின்றது என்பதை அறிக்கையாக எடுப்பர். நிரல் எழுதுவோர் நாளொன்றுக்குப் பத்து வேலைகளை முடிக்க, சோதிப்போரால் நான்கினையே சோதிக்க முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி ஆறும் சோதனைக் கட்டத்தின் வாயிலில் குவியும். அந்நிலையில் நிரல் எழுத மேலும் இருவரைச் சேர்த்தால் குவியல் உயருமேயன்றி முடிந்த வேலை உயராது. அறிக்கையில் முடிந்தவற்றை எண்ணி மகிழ்வது மனித இயல்பு. ஆனால் எண்ண வேண்டியது காத்திருப்பவற்றை. பாடத்தின் சாரம் இதுவே.

இப்பாடத்தைப் படித்தபோது என் நினைவுக்கு வந்தவர் கணினியைச் சார்ந்தவர் அல்லர்; மதுரையில் வாழ்ந்து மறைந்த ஒரு கண் மருத்துவர். காத்திருப்போரை எண்ணுவதையே தம் வாழ்நாள் பணியாக மேற்கொண்டவர் அவர். அவர் வரலாற்றைத் தேடிப் படிக்க எனக்கு ஒரு காரணமும் உண்டு. அதனை இறுதியில் சொல்வேன்.

பிறப்பும் இளமையும்

எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரம் என்னும் சிற்றூரில், வேளாண் குடும்பம் ஒன்றில், 1918 அக்டோபர் 1 அன்று கோவிந்தப்பா வெங்கடசாமி பிறந்தார். கரிசல் பூமி, மழையை நம்பிய வாழ்வு. பள்ளியில் தாளும் பென்சிலும் கிடையா. ஆற்று மணலைப் பரப்பி அதில் விரலால் எழுதிப் படித்த தலைமுறை அது. அவர் சிறுவராக இருந்தபோது உறவுப் பெண்கள் மூவர் பேறுகாலத்தில் இறந்தனர். ஊரில் மருத்துவர் இல்லை. அத்துயரமே அவரை மருத்துவம் படிக்கத் தூண்டியது. தாய்மாரைக் காக்கும் மகப்பேற்று மருத்துவராக வேண்டும் என்பதே அவர் கொண்ட முதல் இலட்சியம்.

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் பயின்று 1938-இல் பட்டம் பெற்றார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். வாழ்வு நேரே ஓடத் தொடங்கிவிட்டது என்றே எவரும் எண்ணியிருப்பர்.

முடங்கிய விரல்கள்

ஆனால் முப்பது வயதில் அவரைக் கடுமையான முடக்குவாதம் தாக்கியது. மூட்டுகள் வீங்கின, விரல்கள் கோணி மடங்கின. நிற்கவும் நடக்கவும் இயலாமல் நெடுநாள் படுக்கையில் கிடந்தார். 1948-இல் இராணுவப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். மகப்பேற்று மருத்துவம் இனி இயலாது என்பது உறுதியாயிற்று.

இத்தகைய நிலையில் மருத்துவத் தொழிலையே துறந்தவர் பலர் இருக்கலாம். வெங்கடசாமியோ கண் மருத்துவத்தைத் தேர்ந்தார். உடல் உறுப்புகளிலேயே நுண்மையானது கண். அதனை அறுக்கக் கோணிய விரல்களோடு ஒருவர் முன்வந்தார் என்றால் அவரது உறுதியை என்னென்பது! 1951-இல் கண் மருத்துவப் பட்டயம் பெற்றார். தம் விரல்களுக்கு ஏற்ற கருவிகளை அமைத்துக்கொண்டு, கத்தியைப் பிடிப்பதிலிருந்து பயிற்சியைத் தொடங்கினார். பிற்காலத்தில் அவ்விரல்களே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்து முடித்தன.

இங்கு நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் வாழ்வில் நேர்ந்த முதல் அடைப்பு அவர் கையிலேயே இருந்தது. அதனை மறைக்கவும் இல்லை, அதனை நொந்து நிற்கவும் இல்லை. எங்கே தடைபடுகிறது என்று பார்த்து, அதற்கேற்பக் கருவியையும் முறையையும் மாற்றினார். பின்னாளில் ஒரு பெரும் மருத்துவமனையை நடத்தியபோதும் அவர் கையாண்ட வழி இதுவே.

அரசுப் பணி

1956 முதல் இருபது ஆண்டுகள் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவராகவும், அதனோடு இணைந்த அரசு எர்ஸ்கின் மருத்துவமனையின் கண் அறுவை மருத்துவராகவும் பணியாற்றினார். இந்தியாவில் பார்வையற்றோராய் இருந்தவர்களில் பெரும்பாலோர் கண்புரையால் பார்வை இழந்தவர்கள். கண்ணின் உள்ளாடி வெளுத்து ஒளியை மறைப்பதே புரை. அதனை அகற்றினால் பார்வை திரும்பும். அதாவது, அவர்கள் பார்வையற்றவர்கள் அல்லர்; பார்வைக்காகக் காத்திருப்பவர்கள். இவ்வாறு எண்ணிப் பார்த்ததுதான் வெங்கடசாமியின் பெருமை.

நோயாளி வரட்டும் என்று அவர் மருத்துவமனையிலேயே இருந்துவிடவில்லை. 1960-இல் கிராமங்களை நாடிச் செல்லும் கண் சிகிச்சை முகாம்களைத் தொடங்கினார். 1966-இல் பார்வையற்றோர் மறுவாழ்வு நிலையத்தையும், 1973-இல் கண் மருத்துவ உதவியாளர் பயிற்சியையும் ஏற்படுத்தினார். 1973-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 1976-இல், 58-ஆம் வயதில், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார்.

பதினொரு படுக்கைகள்

ஓய்வு பெற்றவர் ஓய்ந்திருக்கவில்லை. அதே ஆண்டில் மதுரை அண்ணா நகரில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு கண் மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார். தாம் வழிபட்ட புதுவை மகான் அரவிந்தரின் பெயரையே அதற்குச் சூட்டினார். திருமணம் செய்துகொள்ளாத அவர், உடன்பிறந்தாரைத் தந்தையின் இடத்திலிருந்து வளர்த்து ஆளாக்கியவர். அவர்களும், அவர்தம் துணைவரும் அவரோடு இணைந்து நின்றனர். வீடு அடகு வைக்கப்பட்டது; பெண்களின் நகைகள் பணமாயின. பணம் செலுத்த வல்லவரிடம் கட்டணம் பெற்று, அவ்வருவாயைக் கொண்டே ஏழைகளுக்கு இலவசமாகச் சிகிச்சை அளிப்பது என்று வகுத்துக்கொண்டனர்.

ஆனால் இந்த ஏற்பாடு நிலைக்க வேண்டுமானால் ஒரு கணக்கு நேராக வேண்டும். ஒரு மருத்துவர் நாளொன்றுக்கு மிகச் சில அறுவைகளே செய்வாராயின், கட்டணம் தருவோரின் பணம் அவர்களுக்கே சரியாகிவிடும், ஏழைக்கு மிஞ்சாது. அப்படியானால் அறுவைகள் பெருகாமல் தடுப்பது எது?

காத்திருப்பதைக் கண்ட கண்

அறுவைக் கூடத்தை உற்று நோக்கினால் விடை கிடைக்கும். புரை அறுவைக்குத் தேர்ந்த கைக்குச் சில நிமிடங்களே வேண்டும். ஆனால் ஒரு நோயாளியை இறக்கி, அடுத்தவரைப் படுக்க வைத்து, கண்ணைத் தூய்மை செய்து, மரக்கச் செய்து, கருவிகளை ஒழுங்குபடுத்தும் வரை மருத்துவர் கையைக் கட்டி நிற்க வேண்டும். வெளியே நோயாளிகள் காத்திருக்கின்றனர். உள்ளே மருத்துவரும் காத்திருக்கிறார். கிடைத்தற்கரிய பொருள் மருத்துவரின் நேரம், வீணாவதும் அதுவே.

ஆகவே அரவிந்த் மருத்துவமனையில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள் அருகருகே அமைக்கப்பட்டன. ஒன்றில் அறுவை நடக்கும்போதே மற்றொன்றில் அடுத்தவர் ஆயத்தமாக இருப்பார். முதல் அறுவை முடிந்ததும் நுண்ணோக்கி அப்புறம் திரும்பும், மருத்துவரும் திரும்புவார். மருத்துவர்தான் செய்ய வேண்டும் என்றில்லாத பணிகள் யாவும் பயிற்சி பெற்ற பெண்களிடம் ஒப்படைக்கப்பட்டன. அவர்களிற் பெரும்பாலோர் பள்ளி இறுதி வகுப்பு முடித்த கிராமத்துப் பெண்கள், இரண்டாண்டுகள் பயிற்றப்பட்டவர்கள். நம் போன்ற குடும்பத்துப் பெண்கள்தாம் அந்த மாபெரும் பணியைத் தாங்கும் தூண்கள் என்பதை இங்குப் பெருமையோடு குறிப்பிடலாம். அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் உணவகங்கள் எவ்வூரிலும் ஒரே தரத்தில், ஒரே முறையில், எளிய பயிற்சியால் இயங்குவதைக் கண்ட வெங்கடசாமி, உணவுக்கு ஆகும் ஒழுங்கு பார்வைக்கு ஏன் ஆகாது என்று எண்ணினார் என்பர்.

பயன் யாதெனில், வேறிடங்களில் ஒரு கண் மருத்துவர் ஆண்டுக்குச் சில நூறு அறுவைகள் செய்துவந்த நிலையில், இங்கு ஒருவர் இரண்டாயிரம் அளவுக்குச் செய்ய முடிந்தது.

விரைவு மிகுந்தால் தரம் குன்றாதா என்று கேட்போர் உண்டு. அக்கேள்வி நியாயமானதே. அதற்கும் விடை பதிவேட்டில்தான் இருந்தது. எந்த மருத்துவர் செய்த அறுவையில் எத்தகைய சிக்கல் நேர்ந்தது என்பது தனித்தனியே குறிக்கப்பட்டு, முறையாக ஆராயப்பட்டது. குறை கண்ட இடத்தில் திருத்தம் செய்யப்பட்டது. கணக்கு எழுதுவதும் அதனைச் சபையில் வைப்பதும் நம் ஊருக்குப் புதியவை அல்ல. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921), வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் குடவோலைக்கு உரியவர் அல்லர் என்று விலக்கின. கணக்கு ஒருவரைத் தண்டிப்பதற்கு மட்டும் உரியதன்று, வழியைச் சீர்செய்வதற்கும் உரியது என்பதை மதுரையில் காண்கிறோம்.

கண்ணுக்குள் ஓர் ஆடி

மேசையில் இருந்த அடைப்பு நீங்கியது. வாய்க்காலில் ஓரடைப்பை எடுத்தால் நீர் ஓடிச் சென்று அடுத்த அடைப்பில் நிற்கும் அல்லவா? அங்கும் அவ்வாறே ஆயிற்று.

முற்காலத்தில் புரையோடு ஆடியை எடுத்துவிட்டுத் தடித்த கண்ணாடி கொடுத்து அனுப்புவர். கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ பழைய இருளே மீளும். பின்னர்க் கண்ணுக்குள்ளேயே செயற்கை ஆடியைப் பொருத்தும் முறை வந்தது. ஆயின் அந்த ஆடி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். ஒன்றின் விலை நூறு டாலர் அளவில் இருந்தது. அறுவைக்குக் கையும் உண்டு, மேசையும் உண்டு; ஏழையின் கண்ணில் வைக்க ஆடி இல்லை. எனவே 1992-இல் ஆரோலேப் என்னும் தொழிற்கூடம் மதுரையிலேயே நிறுவப்பட்டது. அமெரிக்க நண்பர்களின் துணையோடு அங்கே செய்யப்பட்ட ஆடி பத்து டாலர் அளவிலேயே கிடைத்தது. பிற நாடுகளுக்கும் அது சென்றது. தாம் கற்ற முறையைப் பிறருக்கும் கற்பிக்க அதே ஆண்டில் ஒரு பயிற்சி நிறுவனமும் தொடங்கப்பட்டது. இதற்கிடையே தேனியில் 1985-இலும், திருநெல்வேலியில் 1988-இலும், பின்னர்க் கோவையில் 1997-இலும், புதுச்சேரியில் 2003-இலும் மருத்துவமனைகள் எழுந்தன.

ஊருக்குள் இருந்த அடைப்பு

இனிச் சொல்லப்போவதே இவ்வரலாற்றின் உயிர்நாடி என்பேன். மேசை உண்டு, ஆடி உண்டு, சிகிச்சை இலவசம். முகாம் ஊருக்கே வருகிறது. ஆயினும் மக்கள் வரவில்லை. முகாமில் புரை என்று கண்டறிந்து, இன்ன நாளில் மருத்துவமனைக்கு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினால், பலர் வருவதில்லை. ஏன் என்று அறிய வீடு தேடிச் சென்றனர். பேருந்துக்குக் காசில்லை, போன இடத்தில் உணவுக்கு வழியில்லை, துணைக்கு வர ஆளில்லை, வருபவருக்குக் கூலி போகும், கத்தி என்றால் அச்சம். இலவசம் என்று எழுதிவைத்த சிகிச்சைக்கும் ஏழை செலுத்த வேண்டிய விலை இவ்வளவு இருந்தது.

ஆகவே முகாமில் தேர்ந்தெடுத்தவரை அன்றைக்கே பேருந்தில் ஏற்றி அழைத்துச் செல்லும் முறை வந்தது. உணவும், படுக்கையும், திரும்பும் பயணமும் மருத்துவமனையின் பொறுப்பாயின. ஒரே ஊரார் ஒன்றாகச் செல்வதால் அச்சமும் குறைந்தது. தென்னிந்தியாவில் நடந்து 1991-இல் வெளியான ஓர் ஆய்வு, முன்பே அறுவை செய்துகொண்டு பார்வை பெற்ற ஒருவர் வீடுவீடாகச் சென்று பேசுவதும், முழுச் செலவையும் ஏற்பதும் நல்ல பயன் தந்ததைக் காட்டியது.

அதன் பின்னும் கணக்குப் பார்ப்பதை அவர்கள் விடவில்லை. 1999-இல் வெளிவந்த ஆய்வொன்றில் அரவிந்தைச் சேர்ந்தோரும் பங்கு கொண்டிருந்தனர். முகாம் நடந்த பகுதிகளில் கண் குறையோடு இருந்தவர்களுள் எத்தனை பேர் முகாமுக்கு வந்தனர் என்று ஊருக்குள் சென்று எண்ணியபோது, நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு பேரே வந்திருந்தனர்! முகாமின் பதிவேட்டை மட்டும் புரட்டியிருந்தால் இது தெரிந்தேயிராது. அதில் வந்தவர்கள் பெயர் இருக்கும். நாள்தோறும் எண்ணிக்கை கூடியிருக்கும். விழா எடுக்கவும் தோன்றியிருக்கும். வராத 93 பேரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. தங்கள் முகாம்களின் குறையைத் தாங்களே எண்ணி உலகறிய வெளியிட்ட நேர்மையை நாம் போற்ற வேண்டும். போற்றுவதோடு அவர்கள் நின்றார்களா? இல்லை. 2004 முதல் தேனிப் பகுதியில் தொடங்கி, ஊர்களிலேயே நிலையான சிறு பார்வை மையங்கள் அமைக்கப்பட்டன. பயிற்சி பெற்ற பெண்கள் அங்கே கண்ணைச் சோதிப்பர். தொலைவிலுள்ள மருத்துவர் கணினி வழியே நோயாளியைக் கண்டு பேசுவார். ஆண்டுக்கு ஒருமுறை வந்துபோகும் முகாமுக்குப் பதில் என்றும் திறந்திருக்கும் கதவு கிடைத்தது.

என் ஆயா

நான் முன்னர்க் குறிப்பிட்ட காரணத்தை இப்போது சொல்லலாம். ராஜகுளத்தில் என்னோடு வாழும் என் ஆயாவுக்கு இரு கண்களிலும் புரை. நடவுக்கும் களையெடுப்புக்கும் சென்று எங்களை வளர்த்தவர். நான்கு ஆண்டுகள் அவர் எங்களைக் காலடி ஓசையால் மட்டுமே அறிந்தார். அறுவை இலவசம் என்பது எங்கள் வீட்டில் யாவருக்கும் தெரியும். ஆனால் அழைத்துச் செல்பவர் ஒரு வாரக் கூலியை இழக்க வேண்டும். அறுவடை முடியட்டும், பொங்கல் போகட்டும், தம்பியின் தேர்வு ஆகட்டும் என்று நாள் தள்ளிப்போயிற்று. இந்த வயதில் பார்வை எதற்கு என்று ஆயாவே சொல்லத் தொடங்கினார். அதை அவருடைய விருப்பம் என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம். உண்மையில், எங்களுக்குச் சுமையாகக் கூடாது என்று அவர் தம்மையே வரிசையிலிருந்து விலக்கிக்கொண்டார்.

சென்ற ஆண்டு விடுமுறையில் நானே அழைத்துச் சென்றேன். அறுவை அரைமணி நேரத்திற்குள் முடிந்தது. மறுநாள் கட்டை அவிழ்த்ததும், என்னைப் பார்த்து, மீசை முளைத்துவிட்டதா என்று வியந்தார். எனக்கு மகிழ்ச்சியைவிட வெட்கமே மிகுந்தது. அரைமணி நேர வேலைக்கு நான்கு ஆண்டுக் காத்திருப்பு! மென்பொருள் அறிக்கைகளிலும் இவ்வாறே இருக்குமென ஆசிரியர் கூறியது அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு வேலை முடிய ஆகும் நாட்களில், கை பட்டு நடக்கும் நேரம் சிறிது. யாராவது எடுப்பார்களா என்று கிடக்கும் நேரமே பெரிது. அந்த நான்கு ஆண்டுகள் எந்த மருத்துவமனையின் ஏட்டிலும் பதியவில்லை. அடைப்பு மருத்துவமனையில் இல்லை. எங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்தது.

நிறைவாக

2006 ஜூலை 7 அன்று, தம் 87-ஆம் வயதில், டாக்டர் வெங்கடசாமி மறைந்தார். நான் பிறப்பதற்கு முன்பே மறைந்துவிட்டவரை நான் கண்டதில்லை. ஆயினும் முடங்கிய தம் விரல், அறுவை மேசை, கண்ணுக்குள் வைக்கும் ஆடி, கிராமத்துப் பாதை என்று, அடைப்பு எங்கெங்கு நகர்ந்ததோ அங்கெல்லாம் மண்வெட்டியோடு நடந்த ஓர் உழவர் மகனாகவே அவரை என்னால் காண முடிகிறது.

நம்மில் பலர் நாளை மென்பொருள் நிறுவனங்களுக்கும், அலுவலகங்களுக்கும், பள்ளிகளுக்கும் பணிக்குச் செல்வோம். அறிக்கைகள் நம் மேசைக்கு வரும். முடிந்தவற்றின் எண்ணிக்கை எப்போதும் முதல் வரியில் இருக்கும். அதனைக் கடந்து, தேங்கி நிற்பது எது என்று பார்ப்போம். அதையும் கடந்து, அறிக்கைக்குள் வராமலே வீட்டில் காத்திருப்பவர் யார் என்று, எழுந்து சென்று பார்ப்போம். கடைமடை வயலுக்கு நீர் பாய்ந்த பின்னரே ஏரி நிறைந்ததற்குப் பொருள் உண்டு.